பிரான்சின் கிராமப்புறத்தில் வீடு வாங்கிக் குடியேறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் இரண்டு அறை வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில், கிராமப்புறத்தில் தோட்டத்தோடு தனிவீடு வாங்கிவிடலாம். ஆனால் பிரெஞ்சுக் கிராமங்கள் ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. விலை குறைவாக இருப்பதற்குச் சில இடங்களில் நல்ல காரணமும் உண்டு, சில இடங்களில் கெட்ட காரணமும் உண்டு. அதைப் பிரித்தறிய உதவும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இவ்வளவு பெரிய நாட்டில் தேடலை எங்கிருந்து தொடங்குவது?

வீட்டு விளம்பரங்களிலிருந்து தொடங்காதீர்கள். படத்தில் பார்த்த கல்வீடு ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டால், அந்த ஊரின் குறைகள் கண்ணில் படாமல் போய்விடும். முதலில் ஒரு சிறு நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். சில ஆயிரம் பேராவது வசிக்க வேண்டும், வாரச் சந்தை கூட வேண்டும், மருந்துக்கடையும் பல்பொருள் அங்காடியும் கொலேஜும் (நடுநிலைப் பள்ளி) இருக்க வேண்டும். ரயில் நிலையமும் இயங்கினால் இன்னும் நல்லது. அங்கிருந்து காரில் 15 நிமிடத்துக்குள் போகக்கூடிய கிராமங்களில் மட்டும் வீடு பாருங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள் (ஊராட்சிகள்) உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அந்த அளவு ஊரில் ஒரு மேரியும் (ஊர் மன்ற அலுவலகம்) ஒரு தேவாலயமும் இருக்கும், ரொட்டிக்கடை இருந்தால் அதிர்ஷ்டம். அன்றாட வாழ்க்கை நடப்பதெல்லாம் பக்கத்துச் சிறு நகரத்தில்தான். அந்த நகரம் உயிரோடு இருந்தால் உங்கள் கிராமமும் வாழத் தகுந்ததாக இருக்கும். கடைத்தெருவில் நடந்து பாருங்கள். வரிசையாக மூடிக்கிடக்கும் கடைகள் எந்த விளம்பரத்திலும் வராது.

எந்தப் பகுதி எப்படி இருக்கும்?

மேற்கே பிரிட்டானியும் நார்மண்டியும் பச்சைப் பசேலென்ற நாடு. குளிரும் வெயிலும் மிதம், மழைத்தூறல் அடிக்கடி. கடலோரத்தில் விலை ஏறிக் கிடக்கிறது. உள்நாட்டு பிரிட்டானிக்குள் போகப் போக இறங்குகிறது. நாட்டின் நடுவே லிமுசேன், அதிலும் குறிப்பாக க்ரூஸ் மாவட்டம், பிரான்சில் மிக மலிவாக வீடு கிடைக்கும் இடங்களில் ஒன்று. தோர்தோஞ் அழகானது, ஆங்கிலேயர்கள் நிறையக் குடியேறிய இடம். கோடையில் சுற்றுலாக் கூட்டம், குளிர்காலத்தில் பாதி உணவகங்களுக்குப் பூட்டு. தென்மேற்கே ழேர் மாவட்டம் குன்றும் சூரியகாந்தி வயலுமாக இருக்கும். ஒவேர்ஞும் லொசேரும் மேட்டு நிலங்கள், பனி பொழியும். லொசேர் மாவட்டம் முழுவதிலும் 80,000 பேருக்கும் குறைவாகவே வசிக்கிறார்கள்.

வடகிழக்கே மியூஸ் மாவட்டத்திலிருந்து தென்மேற்கே லாந்த் வரை குறுக்காக ஒரு பட்டை போட்டால், மக்கள் மிகக் குறைந்த பகுதிகள் பெரும்பாலும் அதற்குள் வரும். விலை குறைவுக்கு ஆசைப்பட்டு அந்தப் பட்டைக்குள் போகிறவர்கள் மருத்துவர், பள்ளி, ரயில் மூன்றையும் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நாங்கள் வெயிலில் வளர்ந்தவர்கள். தெற்கே போய்விடலாமே?

போகலாம். ஆனால் தெற்கு என்றால் லாவண்டர் வயலும் நீல வானமும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்திரல் என்ற வடகாற்று நாட்கணக்கில் அடிக்கும். நர்போன், பெர்பிஞ்ஞான் பக்கம் திராமொந்தான் காற்று அடிக்கும். குளிர்காலத்தில் அது எலும்பு வரை இறங்கும். கோடையில் வெயிலோ நம் ஊரைத் தோற்கடிக்கும்: 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தின் வெரார்க் என்ற ஊரில் 46.0 டிகிரி பதிவானது, பிரான்சின் உச்சம் அதுதான். நம் ஊரில் மின்விசிறியும் காற்றோட்டமான வீடும் இருக்கும். அங்கே பல வீடுகளில் இரண்டும் இல்லை.

தண்ணீர் இன்னும் பெரிய விஷயம். 2023-இல் வார் மாவட்டத்தின் ஃபயான்ஸ் பகுதியில் ஒன்பது கொம்யூன்கள், குடிநீர் போதாது என்று புதிய வீடுகளுக்கு அனுமதி தருவதையே நிறுத்திவைத்தன. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரெனே-ஒரியோந்தால் மாவட்டமும் அந்த ஆண்டுகளில் கடும் வறட்சியில் தவித்தது. அதே தெற்கில் இலையுதிர் காலத்தில் செவென் மலையடிவாரத்தில் சில மணி நேரத்தில் ஆறு ஊருக்குள் புகுந்துவிடும். காட்டை ஒட்டிய வீடு என்றால் வீட்டைச் சுற்றி 50 மீட்டர் வரை புதர்களை வெட்டிச் சுத்தமாக வைப்பது சட்டப்படி உங்கள் கடமை. அண்டை நிலத்துக்குள் போய் வெட்ட வேண்டி வந்தாலும் செலவு பெரும்பாலும் உங்களுடையதுதான்.

நான் தெற்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகஸ்டில் ஒரு தடவையும் ஜனவரியில் ஒரு தடவையும் அங்கே தங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பாரிசில் வேலை, கிராமத்தில் வீடு. முடியுமா?

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்களுக்கு முடியும், ரயில் பாதையை ஒட்டித் தேர்ந்தெடுத்தால். வரைபடத்தில் தூரத்தை அளப்பதில் பயனில்லை, ரயில் நேரத்தைப் பாருங்கள். பாரிசிலிருந்து தெஜேவே என்ற அதிவேக ரயிலில் ரென்னுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பொர்தோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், லெ மானுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி. லிமோஜ் பொர்தோவைவிடப் பாரிசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அதிவேகப் பாதை இல்லாததால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பெர்ஷ் பகுதியில் நொஜான்-லெ-ரொத்ரு, பர்கண்டியில் ஜுவாஞி போன்ற ஊர்களில் சாதாரண ரயில் நேராகப் பாரிசுக்கு வருகிறது. பெர்ஷில் இதனாலேயே விலை ஏறிவிட்டது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு, ஞாயிறு மாலை எத்தனை வண்டி என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்தே வேலை என்றால், ஆர்செப் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) வெளியிடும் வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் அந்த வீட்டுக்கே ஃபைபர் வந்திருக்கிறதா என்று காட்டும். "ஊருக்கு வந்துவிட்டது" என்று விற்பவர் சொல்வதை நம்பி நிற்க வேண்டாம்.

ஊருக்குள் வாங்குவதா, தனியாக நிற்கும் வீடா?

குழந்தைகளோ வயதானவர்களோ உள்ள குடும்பம் என்றால் ஊருக்குள்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தனிவீட்டில் பாலுக்கும் கார், பள்ளிக்கும் கார், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார். ஓட்டுநர் உரிமம் இல்லாத அம்மாவோ மாமியாரோ அந்த வீட்டில் நாள் முழுக்க யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நகரத்தில் நாலு பேரோடு பேசிப் பழகியவர்களுக்கு அது பெரிய தண்டனை. ஊருக்குள் இருந்தால் ரொட்டிக்கடைக்கு நடந்து போய் வரலாம், அந்த வழியிலேயே ஊர் அறிமுகமாகும். தோட்டம் சிறியதாக இருக்கும், பரவாயில்லை.

மருத்துவர் கிடைப்பாரா?

பல இடங்களில் இதுதான் முதல் சிக்கல். பிரான்சில் ஒவ்வொருவரும் ஒரு மருத்துவரைத் தம் நிரந்தர மருத்துவராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் போனால் காப்பீட்டில் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். கிராமப்புறங்களில் பல மருத்துவர்கள் புதிய நோயாளிகளை ஏற்பதே இல்லை. அதனால் வீடு பார்க்கப் போகும்போதே சிறு நகரத்து மருந்துக்கடையில் நுழைந்து கேளுங்கள்: "இங்கே புதியவர்களை எடுக்கும் மருத்துவர் யார்? அவர் ஓய்வு பெற எவ்வளவு காலம் இருக்கிறது?" மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பல மருத்துவர்கள் ஒரே கட்டடத்தில் சேர்ந்து இயங்கும் மெசோன் தெ சாந்தே உள்ள ஊர் என்றால் மனம் நிம்மதியாக இருக்கலாம். அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், பிரசவப் பிரிவு இன்னும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிள்ளைகளின் படிப்பு?

ஆரம்பப் பள்ளி பக்கத்திலேயே கிடைக்கும். வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியருக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரியும், மதிய உணவு பல இடங்களில் அங்கேயே சமைத்தது. சிறிய ஊர்கள் இரண்டு மூன்று சேர்ந்து பள்ளி நடத்தும். சின்ன வகுப்பு ஓர் ஊரில், பெரிய வகுப்பு அடுத்த ஊரில். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள், அதனால் அடுத்த ஆண்டு எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று மேரியில் கேட்பது நல்லது. கொலேஜுக்குப் பேருந்து வரும். லிசே (மேல்நிலைப் பள்ளி) தூரம் என்றால் 15 வயதிலேயே விடுதியில் விட வேண்டியிருக்கும். நம் வீடுகளில் இதை மனதளவில் ஏற்பது எளிதல்ல, முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேட்கும் விலை நியாயமா என்று எப்படித் தெரியும்?

அரசே வழி வைத்திருக்கிறது. டிவிஎஃப் என்ற பொதுத் தரவில், கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்த வீடு எந்த விலைக்குக் கைமாறியது என்பது வரைபடத்திலேயே தெரியும். இலவசம். அல்சாஸும் மொசேலும் தனிப் பதிவு முறை கொண்டவை என்பதால் அதில் வராது. விளம்பர விலையையும் விற்ற விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பேரம் பேசத் துணிச்சல் வரும். வெகு நாளாக விற்காமல் கிடக்கும் வீடு என்றால் ஏன் என்று கேட்கவும் தயங்காதீர்கள். பல நேரம் காரணம் சாதாரணமானது: பாகம் பிரிக்காத வாரிசுகள் நால்வர், அதில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். நம் ஊர்ச் சொத்துத் தகராறு அப்படியே அங்கும் உண்டு.

பழைய கல்வீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். விற்பவர் சட்டப்படி ஒரு கட்டுப் பரிசோதனை அறிக்கைகளைத் தர வேண்டும். 1949-க்கு முன் கட்டிய வீட்டுக்கு ஈயப் பெயிண்ட் சோதனை, 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்ற வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சோதனை, 15 ஆண்டைத் தாண்டிய மின்சார, எரிவாயு இணைப்புகளுக்குச் சோதனை, கரையான் உள்ள பகுதிகளில் கரையான் சோதனை. வீட்டின் வெப்பச் செலவை ஏ முதல் ஜி வரை தரம் பிரிக்கும் டிபிஈ அறிக்கை எல்லா வீட்டுக்கும் உண்டு. எஃப், ஜி தர வீடுகளை விற்க 2023 ஏப்ரலிலிருந்தும், ஈ தர வீடுகளுக்கு 2025 தொடக்கத்திலிருந்தும், விரிவான எரிசக்தித் தணிக்கையும் கட்டாயம். பின்னாளில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம்: ஜி தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட 2025-லிருந்து தடை, எஃப் தரத்துக்கு 2028-இல், ஈ தரத்துக்கு 2034-இல் தடை வருகிறது.

கிராமத்து வீட்டில் பலர் மறந்துவிடுவது செப்டிக் டேங்க். பொதுச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடு என்றால் ஸ்பாங்க் என்ற உள்ளூர்ச் சேவை சோதித்துக் கொடுத்த, மூன்று ஆண்டுக்கு உட்பட்ட அறிக்கை வேண்டும். தரம் தவறியது என்று அறிக்கை சொன்னால், வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். புதிதாகப் போடும் செலவு 10,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லிப் பேசுவதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அறிக்கைகளில் வராதவை உங்கள் கண்ணுக்கும் மூக்குக்கும் உரியவை. மழை நாளில் போய்ப் பாருங்கள். பரணில் ஏறி உத்தரங்களைத் தொட்டுப் பாருங்கள். பிரிட்டானி, நார்மண்டி பக்கம் பூட்டிக்கிடந்த ஈர வீடுகளில் மெர்யூல் என்ற பூஞ்சை மரத்தைத் தின்றுவிடும். காளான் வாசனை வந்தால் தேர்ந்த ஆளைக் கூப்பிடாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பழைய கல்சுவரில் சிமெண்ட் பூச்சு பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், சுண்ணாம்புப் பூச்சுதான் அந்தச் சுவருக்கு ஒத்துவரும். களிமண் நிலத்தில் கட்டிய வீடுகள் வறட்சியில் விரிசல் விடுகின்றன. ஜெயோரிஸ்க் என்ற அரசுத் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் வெள்ளம், களிமண், நிலநடுக்கம், கருங்கல் நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு எல்லாம் தெரிந்துவிடும்.

பழைய தொழுவத்தை வாங்கி வீடாக மாற்றலாமா?

அனுமதி கையில் வராமல் வாங்காதீர்கள். விவசாய மண்டலத்தில் நிற்கும் கட்டடத்தை வீடாக மாற்ற, ஊரின் நிலப் பயன்பாட்டுத் திட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் கொடுப்பதில்லை. மேரியில் செர்டிஃபிக்கா துர்பனீஸ்ம் கேட்டு விண்ணப்பித்தால், நீங்கள் நினைக்கும் மாற்றம் அந்த நிலத்தில் நடக்குமா என்று எழுத்தில் பதில் வரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்துக்கு 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் ஜன்னல், ஓடு, கதவு வண்ணம் வரை அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் தேவைப்படலாம். பிரான்சில் பெரும்பாலான கிராமத்துத் தேவாலயங்களே பழையவை, அவற்றில் பல பாதுகாக்கப்பட்டவை.

வாங்கும் முறை எப்படி? எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?

விலை ஒத்துப்போனதும் கொம்ப்ரோமி என்ற முன் ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டு உங்கள் கைக்குப் பிரதி வந்த பிறகு 10 நாள் அவகாசம் உண்டு. காரணம் சொல்லாமலே விலகலாம், பணம் திரும்பிவிடும். விற்பவருக்கு இந்த உரிமை கிடையாது. முன்பணம் வழக்கமாக 5 முதல் 10 சதவீதம், அது நொத்தேரின் (பத்திரம் எழுதும் அரசு நியமன அலுவலர்) கணக்கில் போவதே நல்லது. வங்கிக்கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற நிபந்தனையை எழுதிவைக்க மறக்காதீர்கள். இறுதிப் பத்திரம் சுமார் மூன்று மாதத்தில்.

நொத்தேர் என்பவர் நம் ஊர் நோட்டரி போல முத்திரை குத்துபவர் மட்டும் இல்லை. அரசால் நியமிக்கப்பட்டவர், வில்லங்கம் பார்ப்பது, வரி வசூலிப்பது, பத்திரம் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் இல்லாமல் வீடு கைமாறாது. உங்களுக்கென்று தனி நொத்தேரை வைத்துக்கொள்ளலாம், அதனால் கட்டணம் அதிகமாகாது, இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். பழைய வீட்டுக்குக் கட்டணமும் வரியும் சேர்ந்து விலையில் 7 முதல் 8 சதவீதம். 1,20,000 யூரோ வீட்டுக்கு 9,000-ஐ ஒட்டி எடுத்துவையுங்கள். இதில் பெரும்பகுதி வரிதான். பிரெஞ்சு சரியாகப் புரியாதவர் கையெழுத்திடும்போது மொழிபெயர்ப்பாளர் உடன் இருக்க வேண்டும். உறவினரை வைத்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள்.

நிலம் பெரிதாக இருந்தால் சாஃபேர் என்ற விவசாய நில அமைப்புக்கு முன்னுரிமையோடு வாங்கும் உரிமை உண்டு. பதில் சொல்ல அதற்கு இரண்டு மாத அவகாசம். கொம்யூனுக்கும் சில பகுதிகளில் இதே உரிமை இருக்கிறது.

வங்கி கடன் தருமா?

மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, காலம் 25 ஆண்டு, பெரிய வேலைகள் உள்ள வீட்டுக்கு 27 வரை. பழுதுபார்ப்புச் செலவை மதிப்பீட்டுத் தாள்களோடு கொடுத்து அதே கடனில் சேர்த்துக் கேளுங்கள். வீடு வாங்கிய பின் தனியாகக் கேட்டால் வட்டி கூடும். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு வட்டியில்லாக் கடன் திட்டம் உண்டு. கிராமப்புறங்களில் பழைய வீட்டையும் சீரமைத்துக் குடியேறினால் அது கிடைக்கும், வருமான வரம்புக்கு உட்பட்டு.

நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை. வாங்க முடியுமா?

வாங்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் வீட்டுப் பத்திரம் இருப்பதால் வசிக்கும் உரிமை வந்துவிடாது, இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர் தனியாக விசா பெற வேண்டும். அடுத்த தலைமுறையையும் யோசியுங்கள்: பிரெஞ்சு வாரிசுச் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கை முழுதாகப் பறிக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பங்கு அவர்களுக்கே. உயில் எழுதும் எண்ணமிருந்தால் வாங்கும் முன்பே நொத்தேரிடம் பேசுங்கள்.

ஊரார் எங்களை ஏற்றுக்கொள்வார்களா?

முதல் அடியை நீங்கள் வையுங்கள். பார்க்கிற எல்லோருக்கும் போன்ஜூர் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தில் போய் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள், ஊர் விருந்து என்றால் ஒரு தட்டு வடை செய்து கொண்டு போங்கள். பள்ளி விழாவிலும் ஊர்ச் சங்கங்களிலும் கை கொடுப்பவரை வெகு சீக்கிரம் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். எல்லா ஊரும் ஒரே மாதிரி என்று சொல்ல மாட்டேன். முகம் கொடுக்காத ஊரும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாங்கும் முன் அந்தப் பகுதியில் ஒரு குளிர்காலமாவது வாடகைக்கு இருங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

கிராமத்துச் சத்தங்களையும் ஏற்க வேண்டும். ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் கூவுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2019-இல் தீர்ப்பு சேவல் பக்கம் வந்தது. 2021 ஜனவரியில் கிராமத்து ஒலிகளையும் வாசனைகளையும் பாரம்பரியமாக மதிக்கும் சட்டமே வந்துவிட்டது. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம், காட்டோரம் நடக்கும்போது பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

கறிவேப்பிலை கிடைக்குமா, தமிழ் வகுப்பு இருக்குமா?

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் போல எதுவும் எதிர்பார்க்க முடியாது. ரென், துலூஸ், லியோன் போன்ற பெரு நகரங்களில் நம் மளிகைக் கடைகள் உண்டு, மாதம் ஒரு முறை போய் உறைபெட்டியை நிரப்பிக்கொள்ளலாம். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்துவிட வேண்டும். தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் பாரிசைச் சுற்றித்தான். பிள்ளைகளுக்குத் தமிழ் தங்க வேண்டும் என்றால் வீட்டில் நீங்களே சொல்லித்தர வேண்டும், அல்லது இணைய வகுப்பு பார்க்க வேண்டும். எனக்கு இது விசாவைவிடவும் கடனைவிடவும் பெரிய கேள்வி.

பத்திரம் முடிந்தது. உடனே செய்ய வேண்டியது என்ன?

காப்பீடு கையெழுத்து நாளிலிருந்தே நடப்பில் இருக்க வேண்டும், அதனால் அதை முன்பே எடுங்கள். சாவி வாங்கும்போது மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்றும் பாருங்கள், அதற்கு விற்பவர் பணம் கேட்பது வழக்கம். புதிதாக எண்ணெய்க் கொதிகலன் பொருத்த 2022 ஜூலையிலிருந்து அனுமதி இல்லை, இருப்பது பழையது என்றால் மாற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். புகைபோக்கியைச் சுத்தம் செய்து சான்று வாங்கிவையுங்கள், தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் கேட்கும். வரித்துறையின் இணையக் கணக்கில், அது நீங்கள் குடியிருக்கும் வீடு என்று பதிவுசெய்யுங்கள். நிரந்தரக் குடியிருப்புக்கு குடியிருப்பு வரி 2023-இல் நீங்கிவிட்டது, இரண்டாவது வீட்டுக்கு இன்னும் உண்டு. அப்புறம் மேரிக்குப் போய் குப்பை எடுக்கும் நாள், பள்ளிப் பேருந்து, ஊர்ச் சங்கங்களின் பட்டியல் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் மேரி வாரத்தில் இரண்டு அரை நாள் மட்டுமே திறந்திருக்கும், நேரத்தை வாசலில் ஒட்டியிருப்பார்கள்.